கலவையைக் கொடுத்து "எப்படிப் பிரிப்பாய்?" என்று கேட்டால்

அக்கா, நீங்கள் கேட்டது இதுதான். பையன் ஒன்பதாவது படிக்கிறான். வடிகட்டுதல், பதங்கமாதல், காய்ச்சி வடித்தல் என்று எல்லாவற்றுக்கும் வரையறை கடகடவென்று ஒப்பிக்கிறான். ஆனால் தேர்வில் "மணல், சாப்பாட்டு உப்பு, இரும்புத்தூள், நவச்சாரம் (அம்மோனியம் குளோரைடு) நான்கும் கலந்திருக்கின்றன, எப்படிப் பிரிப்பாய்?" என்று வந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டான். ராயபுரத்தில் டியூஷன் எடுக்கிற எனக்கு வருஷா வருஷம் இந்தப் பாடத்தில் இதே பாடுதான். புத்தகம் முறையின் பெயரைத் தலைப்பாகப் போட்டு, அதற்குக் கீழே ஒரு கலவையை உதாரணம் காட்டுகிறது. கேள்வித்தாளோ கலவையைக் கொடுத்துவிட்டு முறையைக் கேட்கிறது. ஒரு பக்கமாகவே போய்ப் பழகியவனுக்குத் திரும்பி வரத் தெரியவில்லை, அவ்வளவுதான். மக்கு என்று மட்டும் திட்டிவிடாதீர்கள்.

முறைகளின் பெயரைக் கொஞ்ச நாள் மறந்துவிடச் சொல்லுங்கள். எந்தக் கலவையைப் பார்த்தாலும் இரண்டு கேள்வி போதும். இதில் இருப்பவை எந்தக் குணத்தில் ஒன்றுக்கொன்று வித்தியாசப்படுகின்றன? பிரித்த பிறகு நமக்கு வேண்டியது எது? முதல் கேள்வியைப் பல ஆசிரியர்கள் சொல்லித்தருகிறார்கள். இரண்டாவதை அநேகமாக யாரும் சீண்டுவதில்லை, ஆனால் முறையைத் தீர்மானிப்பதில் பாதி வேலை அதனுடையது.

இதற்கு நம்ம வடசென்னையை விட நல்ல உதாரணம் கிடைக்காது. எண்ணூரைத் தாண்டி அத்திப்பட்டு, வாயலூர் பக்கம் போனால் உப்பளம். அந்தப் பக்கமே காட்டுப்பள்ளியில் 2010-ல் தொடங்கிய கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் கொடுக்கக்கூடியது, மீஞ்சூர் பிளான்ட் என்று நாம் சொல்வது அதைத்தான். இரண்டு இடத்திலும் உள்ளே போவது கடலின் உப்புத் தண்ணீர்தான், லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்தது. உப்பளக்காரருக்கு உப்பு வேண்டும், தண்ணீர் வெயிலில் எங்கே போனாலும் அவருக்குக் கவலை இல்லை, அதனால் ஆவியாதல். ஆலைக்குத் தண்ணீர் வேண்டும், உப்பு வேண்டாம், அதனால் வளிமண்டல அழுத்தத்தைப்போல ஐம்பது அறுபது மடங்கு அழுத்தம் கொடுத்துத் தண்ணீரைச் சவ்வு வழியாகத் தள்ளுகிறார்கள், உப்பு பின்தங்கிவிடுகிறது. கலவை ஒன்று, வழி இரண்டு. "உப்புக் கரைசலை எப்படிப் பிரிப்பாய்?" என்று மொட்டையாகக் கேட்டால் அந்தக் கேள்விதான் அரைகுறை. "உப்பை எடுக்க" என்றால் ஆவியாக்கு, "தண்ணீரை எடுக்க" என்றால் காய்ச்சி வடி (கொதிக்கவிட்டு, ஆவியைக் குளிரவைத்துப் பிடி), அல்லது சவ்வு.

ஆலையில் ஏன் காய்ச்சி வடிக்கவில்லை என்று தம்பி கேட்டால் கேள்வி நல்ல கேள்வி என்று சொல்லுங்கள். கொதிநிலைக்கு வந்த ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க மட்டும் சுமார் 2,260 கிலோஜூல் வேண்டும். மின்சாரக் கணக்கில் அது 0.6 யூனிட்டுக்கு மேல். ஆயிரம் லிட்டருக்கு 600 யூனிட் தாண்டிவிடும். ஆவியின் சூட்டைத் திரும்பப் பிடித்துப் பயன்படுத்தினால் குறைக்கலாம்தான், ஆனாலும் சவ்வு முறையில் அதே ஆயிரம் லிட்டர் மூன்று நான்கு யூனிட்டில் முடிந்துவிடுகிறது. வேதியியல்படி இரண்டுமே சரியான விடை. கரண்ட் பில்தான் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது.

உப்பளத்திலும் வெறுமனே தண்ணீரைக் காயவிடுகிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது, அங்கே நடப்பது நுணுக்கமான வேலை. தண்ணீர் ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மெல்ல நகர நகரக் கெட்டியாகிறது. சாப்பாட்டு உப்புக்கு முன்பே ஜிப்சம் வெளியே வந்து படிந்துவிடும். அதை முன் பாத்திகளிலேயே விட்டுவிடுவார்கள். தண்ணீர் பத்தில் ஒரு பங்காக வற்றி, அடர்த்தி பார்க்கிற மானியில் 25 டிகிரி (இது சூட்டின் அளவு இல்லை, அடர்த்தியின் அளவு) வாக்கில் காட்டும்போதுதான் உப்புப் பூக்க ஆரம்பிக்கும். அப்படியே முழுக்கக் காயவிட்டால் மெக்னீசிய உப்புகளும் சேர்ந்து இறங்கி, உப்பு கசக்கும், காற்றில் வைத்தால் கசகசவென்று நீர்த்துப்போகும். அதனால் 29, 30 டிகிரி வருவதற்குள் மிச்சத் தண்ணீரைத் திறந்து வெளியேற்றிவிடுகிறார்கள். கரைந்திருக்கும் நான்கைந்து உப்புகளை, எது முதலில் தெவிட்டுகிறது (அதற்கு மேல் கரைந்திருக்க முடியாமல் படிகிறது) என்ற ஒரே வித்தியாசத்தை வைத்துத் தனித்தனியாகப் பிரிக்கிறார்கள். இதைப் பாடப்புத்தகம் ஒரே வரியில் "சூரிய வெப்பத்தால் ஆவியாக்கி" என்று முடித்துவிடுகிறது, எனக்கு இதில் எப்போதும் ஒரு ஆதங்கம்.

சரி, முதல் கேள்விக்கு வருகிறேன், குண வித்தியாசம். இதைச் சமையலறையிலேயே பழக்கிவிடலாம். ரேஷன் அரிசியில் உமி, தூசி, கல், குறுநொய் எல்லாம் இருக்கிறது. முறத்தில் புடைத்தால் லேசான உமி பறந்துவிடும், கல் பறக்காது. சல்லடையில் சலித்தால் நொய் கீழே இறங்கும், ஆனால் அரிசி அளவே இருக்கும் கல் அரிசியோடு மேலேயே நிற்கும். அங்கே அளவில் வித்தியாசம் இல்லை, எடையில்தான் இருக்கிறது. அதனால்தான் பாட்டிமார்கள் அரிக்கன்சட்டியில் தண்ணீர் விட்டு லேசாகச் சுழற்றிச் சுழற்றி அரித்தார்கள். அரிசி தண்ணீரோடு அடுத்த பாத்திரத்துக்குப் போகும், கல் அடியில் நின்றுவிடும். இதே அரிசியை வைத்துக்கொண்டு "சலித்தால் ஏன் கல் போகவில்லை?" என்று தம்பியிடம் கேளுங்கள். அதற்கு அவனாகப் பதில் சொல்லிவிட்டால் பாடத்தில் பாதி புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

இப்போது அவன் விட்டுவிட்டு வந்த அந்தக் கேள்வி. மணல், உப்பு, இரும்புத்தூள், நவச்சாரம். நான்குக்கும் குணத்தை வரிசையாக எழுதச் சொல்லுங்கள். இரும்பு காந்தத்தில் ஒட்டும். நவச்சாரம் சூடுபட்டால் உருகாமல் நேராக ஆவியாகிக் குளிர்ந்த இடத்தில் மறுபடி வெள்ளையாகப் படியும் (இதுதான் பதங்கமாதல்), தண்ணீரிலும் கரையும். உப்பு தண்ணீரில் கரையும், ஆனால் 801 டிகிரி வரை உருகக்கூடச் செய்யாது. மணல் எதற்கும் மசியாது. இதை எழுதிவிட்டால் முறைகள் தானாக வந்து நிற்கும். மிச்சம் இருப்பது எதை முதலில் செய்வது என்பதுதான், பிள்ளைகள் மார்க் விடுவதும் அங்கேதான்.

தண்ணீரை முதலில் ஊற்றினால் உப்பும் நவச்சாரமும் சேர்ந்து கரைந்துவிடும், இரும்பு நனைந்து துருப்பிடிக்கத் தொடங்கும். சூட்டை முதலில் காட்டினால் அது வேறு வம்பு. நவச்சாரம் சூட்டில் அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிந்து, ஆறும்போது மறுபடி சேருகிறது. நடுவில் அந்த ஹைட்ரஜன் குளோரைடு பக்கத்தில் இருக்கும் இரும்பைக் கடிக்கும். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் சூடான பாத்திரத்தில் நவச்சாரத்தைத் தூவித் தேய்ப்பது இதற்காகத்தான், உலோகத்தின் மேல் படிந்திருக்கும் அழுக்கு அடுக்கை அது அரித்து எடுத்துவிடும். அவருக்கு வேண்டிய குணம் நமக்கு இங்கே இடைஞ்சல். ஆகவே காந்தம் முதலில், சூடு இரண்டாவது, தண்ணீர் கடைசி.

செய்முறையில் சின்னச் சின்ன விஷயங்கள் இருக்கின்றன. காந்தத்தை அப்படியே தூளில் விடாமல் ஒரு பாலிதீன் பையில் போட்டுத்தான் விட வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டிய இரும்பை ஆயுசுக்கும் சுரண்டிக்கொண்டிருக்கலாம். பையோடு வெளியே எடுத்து, காந்தத்தை மட்டும் உருவினால் தூள் பொலபொலவென்று உதிரும். ஒரே தடவையில் வராது, தட்டில் மெல்லிசாகப் பரப்பி நான்கைந்து முறை ஓட்ட வேண்டும். அடுத்து மிச்சத்தைப் பீங்கான் கிண்ணத்தில் போட்டு, மேலே புனலைக் கவிழ்த்து, புனலின் வாலில் பஞ்சு அடைத்து, அடியில் சூடாக்கினால் நவச்சாரம் புனலின் உள்சுவரில் வெள்ளைப் பொடியாகப் படியும். புனல் ஆறிய பிறகுதான் எடுக்க வேண்டும். புகை கண்ணைக் கரிக்கும், அதனால் இது பள்ளிக்கூட ஆய்வகத்தில் ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். கடைசியாகத் தண்ணீர் விட்டுக் கலக்கி வடிகட்டினால் தாளில் மணல், கீழே உப்புத் தண்ணீர். தாளில் இருக்கும் மணலின் மேல் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும், ஏனென்றால் மணலோடு ஒட்டிக்கொண்டு கொஞ்சம் உப்புத் தண்ணீர் நிற்கும். இந்த ஒரு வரியை எழுதுகிற பிள்ளை நிஜமாகவே செய்து பார்த்த பிள்ளை என்று திருத்துகிறவருக்குத் தெரிந்துவிடும். உப்புத் தண்ணீரைச் சுண்டக் காய்ச்சும்போது கடைசியில் படபடவென்று தெறிக்கும். கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே அடுப்பை அணைத்துவிட்டு, மிச்சத்தைத் தானாகக் காயவிடலாம்.

காசிமேடு, திருவொற்றியூர் கடற்கரை மணலை இதற்கு எடுக்க வேண்டாம். அதிலேயே உப்பு இருக்கிறது, காந்தத்தில் ஒட்டும் கறுப்புத் தாதுமணலும் இருக்கிறது, காந்தத்தை எத்தனை தடவை ஓட்டினாலும் ஒட்டிக்கொண்டே வரும். வேண்டுமானால் அதைத் தனியாக ஒரு விளையாட்டாகச் செய்யட்டும்.

கரைசலில் இருந்து திடப்பொருளை எடுக்கும்போது ஆவியாக்குவதா, படிகமாக்குவதா என்ற குழப்பமும் இருக்கும். சாப்பாட்டு உப்பு 100 மில்லி சாதாரணத் தண்ணீரில் 36 கிராம் கரையும், கொதிக்கிற தண்ணீரில் 39, 40 கிராம்தான். சூடாக்கிக் கரைத்து ஆறவைத்தால் கிடைப்பது கைப்பிடிகூட இல்லை, அதனால் உப்புக்கு ஆவியாக்குதல்தான் வழி. வெடியுப்பு (பொட்டாசியம் நைட்ரேட்) அப்படி இல்லை, 20 டிகிரியில் 32 கிராம் கரைவது 60 டிகிரியில் 110 கிராம் கரையும். சூட்டில் கரைத்து ஆறவிட்டாலே பெரும்பகுதி படிகமாகக் கொட்டிவிடும், அதில் கலந்திருந்த கொஞ்சநஞ்ச அழுக்கு தண்ணீரிலேயே தங்கிவிடும். மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) முழுக்கக் காய்ச்சி உலர்த்தினால் படிகத்துக்குள் இருக்கும் தண்ணீரும் போய் நீலம் வெளுத்து வெறும் பொடியாகிவிடும். சர்க்கரைத் தண்ணீரைச் சுண்டக் காய்ச்சினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும், கருகும். அதனால்தான் கற்கண்டு செய்கிறவர்கள் கெட்டிப் பாகில் நூலைக் கட்டித் தொங்கவிட்டுப் பொறுமையாகக் காத்திருக்கிறார்கள். சூடு தாங்குமா, சூட்டுக்குத் தகுந்தபடி கரைதிறன் மாறுமா, இந்த இரண்டைப் பார்த்தால் போதும்.

திரவமும் திரவமும் என்றால் முதலில் பார்க்க வேண்டியது ஒன்றோடொன்று கலக்கிறதா என்பது. கிருஷ்ணாயிலும் தண்ணீரும் கலக்காது, கிருஷ்ணாயில் லேசு, மேலே நிற்கும். பிரிபுனலில் ஊற்றி, மூடியைத் திறந்துவைத்து, கீழே குழாயைத் திருகினால் தண்ணீர் முதலில் இறங்கும். இரண்டும் சந்திக்கிற கோடு குழாய்க்குப் பக்கத்தில் வரும்போது வேகத்தைக் குறைத்து, நடுவில் வருகிற கொஞ்சத்தைத் தனியாகப் பிடித்து ஒதுக்கிவிட வேண்டும். மூடியைத் திறக்க மறந்தால் சொட்டுச் சொட்டாக வந்து நின்றுவிடும், ஆய்வகத்தில் பாதிப் பிள்ளைகள் "சார், புனல் அடைச்சிருக்கு" என்று வருவது இதனால்தான்.

ஆனால் எண்ணெயும் தண்ணீரும் எப்போதும் இப்படிச் சமர்த்தாக அடுக்காக நிற்காது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எரிபொருள் எண்ணெய் கடலில் கொட்டியது நினைவிருக்கும். கரை ஒதுங்கியதை ஆட்கள் வாளி வாளியாக அள்ளினார்கள். "எண்ணெய்தானே, மேலே மிதக்கும், வழித்து எடுத்தால் போதாதா?" என்று அப்போது பலர் கேட்டார்கள். அலை அடித்து அடித்துத் தண்ணீர் நுண்துளிகளாக எண்ணெய்க்குள் புகுந்துவிட்டால் அது குழம்பாகிவிடும், எண்ணெயாகவும் ஓடாது, தண்ணீராகவும் பிரியாது. பால்மம் என்று பாடத்தில் வருவது இதுதான். அதைப் புனலில் ஊற்றினால் அப்படியே நிற்கும். துளிகளை முதலில் ஒன்றுசேர வைக்க வேண்டும், சூடோ, ரசாயனமோ, சுழற்சியோ ஏதாவது ஒன்று தேவை.

பாலும் பால்மம்தான். மாதவரம் பால் பண்ணையில் பாலிலிருந்து க்ரீம் எடுப்பது நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுழலும் இயந்திரத்தில். கறந்த பாலைச் சும்மா வைத்தாலும் கொழுப்பு மெல்ல மேலே வரும், ஆனால் அதற்குள் பால் திரிந்துவிடும். எடை வித்தியாசம் கொஞ்சமாக இருந்து நேரமும் இல்லை என்றால் மையவிலக்கு, இப்படி ஞாபகம் வைத்துக்கொண்டால் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் குழாயைச் சுழற்றுவதும் அதே கணக்கில் வந்துவிடும்.

ஒன்றில் ஒன்று முழுக்கக் கலக்கிற திரவங்கள் என்றால் கொதிநிலையைப் பார்க்க வேண்டும். அசிட்டோன் 56 டிகிரி, தண்ணீர் 100. இடைவெளி பெரியது, சாதாரணமாகக் காய்ச்சி வடித்தாலே போதும். ஆல்கஹால் 78, தண்ணீர் 100. இடைவெளி 25-க்குக் கீழே, பின்னக் காய்ச்சி வடித்தல் வேண்டும், அதாவது ஆவியை உயரமான குழாயில் படிப்படியாகக் குளிரவிட்டுப் பிரிப்பது. அப்போதும் 95.6 சதவீதத்தோடு நின்றுவிடும், அதற்கு மேல் ஆவியும் திரவமும் ஒரே விகிதத்தில் இருப்பதால் எத்தனை தடவை வடித்தாலும் பிரியாது. மணலியில் 1969 முதல் ஓடுகிற சுத்திகரிப்பு ஆலையில் தெரியும் உயரமான கோபுரங்களில் நடப்பதும் பின்னக் காய்ச்சி வடித்தல்தான். கச்சா எண்ணெயைச் சுமார் 350 டிகிரிக்குச் சூடாக்கி உள்ளே விட்டால், கோபுரத்தின் அடிப்பக்கம் சூடு அதிகம், மேலே போகப் போகக் குறைவு, அவரவர் கொதிநிலைக்கு ஏற்ற தட்டில் திரவமாகி நின்றுவிடுவார்கள். உச்சியில் வாயுவும் நாஃப்தாவும், அப்புறம் மண்ணெண்ணெய், டீசல், அடியில் கெட்டி எச்சம். இங்கே ஒரு விஷயம் கவனிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு தட்டிலும் கிடைப்பது தூய பொருள் இல்லை, கொதிநிலை அருகருகே இருக்கும் பல பொருள்களின் சின்னக் கலவை. வண்டி ஓட அது போதும், அதனால் எரிபொருளுக்காக அதை ஒவ்வொரு தூய பொருளாகப் பிரிக்க யாரும் காசு செலவழிப்பதில்லை.

கலங்கல் தண்ணீருக்கு வடிகட்டுதல் என்று எழுதினால் பாதி மார்க்தான் வரும். களிமண் துகள் அவ்வளவு பொடி, வடிதாளில் நுழைந்து வெளியே வந்துவிடும், அடியிலும் லேசில் படியாது. படிகாரம் கொஞ்சம் போட்டால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்து இறங்கும், பிறகு தெளிந்ததை இறுத்து மணலில் வடிக்கலாம். கிராமங்களில் தேற்றாங்கொட்டையைப் பானையின் உள்புறம் உரைத்ததும் இதற்காகத்தான். நம் தெருக்களில் வேறொரு வகை உண்டு. போர் தண்ணீர் பிடிக்கும்போது தெளிவாக இருக்கும், வாளியில் கொஞ்ச நேரம் வைத்தால் மஞ்சளாகிவிடும். அது கரைந்திருக்கும் இரும்பு, காற்று பட்டதும் துருவாக மாறுகிறது. குழாயில் துணி கட்டி வடிகட்டினால் ஒன்றும் நிற்காது, ஏனென்றால் அந்த நேரத்தில் அது இன்னும் கரைசல். வாளியில் ஊற்றிக் காற்றாடவிட்டு, மஞ்சள் திரண்ட பிறகு வடிகட்டினால் நிற்கும். உப்புக்கரிக்கும் போர் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் உப்புப் போய்விடும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். போகாது, தண்ணீர் சுண்டுவதால் கரிப்பு கூடத்தான் செய்யும். கிருமி சாகும், அது வேறு விஷயம்.

வண்ணப்பிரிகையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. கரைகிறவை பல, அளவோ துளியூண்டு, எல்லாம் ஒரே மாதிரிக் கரைகின்றன என்றால் அது. கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் வடிதாளில் ஒரு புள்ளி, தாளின் அடி நுனி மட்டும் தண்ணீரில், புள்ளி தண்ணீர் மட்டத்துக்கு மேலே. தண்ணீர் ஏற ஏற நீலம், சிவப்பு, மஞ்சள் என்று ஒவ்வொன்றாகக் கழன்றுவரும். தாளோடு ஒட்டுகிறது பின்தங்கும், தண்ணீரோடு போகிறது முன்னே ஓடும். புள்ளி வைக்கும் இடத்தைக் குறிக்கக் கோடு போடுவது பென்சிலால், பேனாவால் போட்டால் கோடும் சேர்ந்து ஓடிவிடும்.

வீட்டில் பழக்க, தம்பிக்கு இப்படிச் சில கேள்வி கொடுங்கள். கற்பூரமும் நவச்சாரமும்: இரண்டுமே பதங்கமாகும், அதனால் சூடு உதவாது, தண்ணீர் விட்டால் நவச்சாரம் கரைந்து கற்பூரம் மிதக்கும். சர்க்கரையும் உப்பும்: இரண்டுமே தண்ணீரில் கரையும், சூட்டில் சர்க்கரை கருகும், ஆகவே தண்ணீரை விட்டுவிட்டு வேறு கரைப்பான் தேட வேண்டும், சூடான ஆல்கஹாலில் சர்க்கரை ஓரளவு கரையும், உப்பு அநேகமாகக் கரையாது. கந்தகமும் இரும்புத்தூளும் காந்தத்தில் பிரியும், ஆனால் இரண்டையும் சேர்த்து நன்றாகச் சூடாக்கிய பிறகு பிரியாது, ஏனென்றால் அது அப்போது கலவையே இல்லை, சேர்மம். இந்தக் கடைசிக் கேள்வி தேர்வில் அடிக்கடி வரும்.

உப்பு மணல், காந்தம், ஸ்கெட்ச் பேனா, சமையல் எண்ணெயும் தண்ணீரும், இவற்றை வீட்டில் தாராளமாகச் செய்யட்டும். கிருஷ்ணாயில், ஸ்பிரிட், அசிட்டோன் எதையும் வீட்டு அடுப்பில் வைத்துக் காய்ச்ச விடாதீர்கள். ஆவி தரையோடு தவழ்ந்துபோய் எங்கோ இருக்கும் நெருப்பில் பிடித்துவிடும். காய்ச்சி வடித்தலைக் காட்ட வேண்டுமென்றால் குக்கரில் உப்புத் தண்ணீரை வைத்து, விசில் இல்லாமல் மூடி, ஆவி வரும் துளைக்கு மேலே ஒரு குளிர்ந்த எவர்சில்வர் தட்டை இடுக்கியால் சாய்த்துப் பிடியுங்கள். சொட்டுகிற தண்ணீரை ஆறவிட்டு நாக்கில் வைத்துப் பார்த்தால் கரிக்காது. தட்டைப் பிடிக்கிற கை உங்களுடையதாக இருக்கட்டும்.